கணிதப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காலியாக விடுங்கள்

கணிதப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். சென்னையில் கணிதம் நடத்தும் ஆசிரியை நான். அடுத்த பதிப்புக்கு உட்காரும்போது இந்த மடலையும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விகிதம் நடத்திய அன்று, 1 : 20,000 அளவில் அச்சிட்ட நகர வரைபடத்தை வகுப்பறைத் தரையில் விரித்தேன். அதில் 5 செ.மீ. என்றால் நிலத்தில் 1 கி.மீ. ஊரூர் குப்பத்திலிருந்து வரும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அடையாறு முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் சீனிவாசபுரத்தில் இருக்கும் தன் ஆயா வீட்டைத் தேடிப் பிடித்தாள். முதலில் அளவுகோலை வைத்து நேராக அளந்தாள். பிறகு பூ கட்டும் நூலைச் சாலை மேல் வளைத்து வளைத்து ஓட்டினாள்: பெசன்ட் நகர், அடையாறு, திரு.வி.க. பாலம், பட்டினப்பாக்கம். நூலை நிமிர்த்தி அளவுகோலோடு சேர்த்துப் பிடித்தால் நேர்க்கோட்டை விடப் பல மடங்கு நீளம். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. முகத்துவாரத்தின் குறுக்கே இடிந்து கிடக்கும் பழைய பாலத்தைக் காட்டி, "உடைந்த பாலம் உடையாமல் இருந்திருந்தால் எத்தனை மடங்கு மிச்சம், டீச்சர்?" என்றாள். இப்படி ஒரு விகிதக் கணக்கு உங்கள் பயிற்சியில் இல்லை. என் தலையிலும் அதுவரை உதித்ததில்லை.

அவளுடைய தாத்தா மீன்பிடிப்பவர். கடலில் மீன் கிடைக்கும் இடத்தை எப்படி மறுபடி கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். கரையில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு அடையாளங்கள் ஒரே நேரில் தெரியும்படி படகை நிறுத்தினால் ஒரு கோடு. வேறு திசையில் இன்னொரு ஜோடி பிடித்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் வலை. ஒன்பதாம் வகுப்பில் ஒருங்கமை சமன்பாடுகளை வரைபடத்தாளில் தீர்க்க நான் ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்துகிறேன். பெரியவர் கையசைப்பிலேயே முடித்துவிட்டார்.

அந்த வரைபட வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், "இது சமூக அறிவியல் பாடம் அல்லவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஊருக்கேற்ற கணக்கு என்றாலே, கணக்கில் வரும் ஜானை முருகனாக்கி, ஆப்பிளை மாம்பழமாக்குவது என்றுதான் பலரும் நினைக்கிறோம்.

பத்தாம் வகுப்பில் ஏற்றக்கோணம் வருகிறது. "ஒரு கோபுரத்தின் உச்சியை" என்று தொடங்குகிறோம். எந்தக் கோபுரம்? 1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கியது நம் பரங்கிமலை அருகில்தான். அங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல் அடிக்கோட்டை, அதாவது முதல் முக்கோணத்தின் அடிப்பக்கத்தை, 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள். சங்கிலியை எத்தனை முறை கிடத்தியிருப்பார்கள் என்பதே ஆறாம் வகுப்புக்கு நல்ல கணக்கு. கிட்டத்தட்ட 400 வரும். இமயத்தின் உயரம் வரை போன வேலை அது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிக்காக வரைந்த படம் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்.

நிலக் கணக்கும் அப்படித்தான். வீட்டில் "அரை கிரவுண்டு" என்று காதில் விழாத சென்னைப் பிள்ளை குறைவு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, 24 கிரவுண்டு ஒரு காணி. வேலி என்ற பழைய நில அளவில் இருபதில் ஒரு பங்குதான் மா. பழைய தமிழ்ப் பின்னக் கணக்கிலும் மா என்றால் இருபதில் ஒன்றுதான். வயலின் அளவுகளைக் குறித்த புலப்படம் ஒன்றை அச்சிட்டுக் கொடுங்கள். நில அளவர் வயலை முக்கோணமும் சரிவகமுமாக வெட்டிக் கூட்டியிருப்பதைப் பார்த்த பிறகு பரப்பளவுச் சூத்திரத்தை நான் திணிக்க வேண்டியிருக்காது.

என் அடையாறு முகத்துவாரம் நீலகிரிப் பிள்ளைக்கு உதவாது; அவளுக்கு, மலையில் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் வேண்டும். ஆகவே புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காலியாக விடுங்கள், அந்தந்தப் பள்ளி தன் ஊர் வரைபடத்தை ஒட்டிக்கொள்ளட்டும். எதிர்ப்பக்கத்தில் எந்த ஊர்ப் படத்துக்கும் பொருந்தும் பத்துக் கேள்விகள் போதும். அவற்றில் ஒன்றாவது தேர்வுத்தாளில் வரட்டும். தேர்வில் வராத பக்கத்தை நாங்கள் புரட்டுவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு கணித ஆசிரியை