ஆமோஸை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள், ஐயரவர்களே

சபை ஐயர்மார்களுக்கும் உபதேசியார்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஸ்தோத்திரம்.

முப்பது வருஷமாக மளிகைக்கடையில் தராசுக்குப் பின்னால் நிற்கிறவன் நான். வேதாகமத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம் எட்டாம் அதிகாரத்தை முதன்முதலாக வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஓய்வுநாள் எப்போது முடியும், களஞ்சியத்தை எப்போது திறக்கலாம் என்று தானிய வியாபாரிகள் காத்துக் கிடக்கிறார்கள். தானியம் அளக்கும் மரக்காலைக் குறைக்கிறார்கள், வெள்ளியை நிறுக்கும் சேக்கல் என்ற எடைக்கல்லின் நிறையைக் கூட்டுகிறார்கள். அக்காலத்தில் நாணயம் கிடையாது. வெள்ளியை நிறுத்துத்தான் விலை கொடுப்பார்கள். அளந்து போடும் தானியத்தில் ஒரு களவு, வாங்கும் வெள்ளியில் இன்னொரு களவு. போதாததற்குக் கோதுமையில் பதரையும் கலக்கிறார்கள். இது கடைக்காரனுக்குச் சட்டென்று புரியும்.

இந்தப் பகுதியை எடுத்து ஒருவரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. ஆமோஸ் என்றால் நமக்கு ஐந்தாம் அதிகாரம் 24ஆம் வசனம் மட்டும்தான்: நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வரட்டும் என்பது. உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், உங்கள் பாட்டுகளின் இரைச்சல் எனக்கு வேண்டாம் என்று கர்த்தர் அதற்கு முன்னால் சொல்லும் மூன்று வசனங்களைத் தாண்டிவிடுகிறோம்.

தயவுசெய்து பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தைச் சொல்லிக்கொடுங்கள். ஆமோஸ் எருசலேமுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், யூதேயா வனாந்தரத்தின் ஓரத்தில் இருந்த தெக்கோவா ஊர்க்காரர். ஆட்டுமந்தையும் காட்டத்தி மரமும்தான் அவருக்குப் பிழைப்பு. கி.மு. 760 வாக்கில் தன் நாடான யூதாவின் எல்லை தாண்டி, வடக்கு ராஜ்யமான இஸ்ரவேலின் பெத்தேலுக்குப் போய்ப் பேசினார். இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட செழிப்பான காலம் அது. ஆமோஸ் கண்டித்த பணக்காரரின் தந்தக் கட்டில்கள் வெறும் பேச்சல்ல. அந்த ராஜ்யத்தின் தலைநகரான சமாரியாவைத் தோண்டியவர்கள், செதுக்கிய தந்தத் துண்டுகளை ஏராளமாக எடுத்திருக்கிறார்கள். அந்தச் செழிப்பு நாற்பது வருஷம்கூட நிலைக்கவில்லை. கி.மு. 722 வாக்கில் அசீரியர் சமாரியாவைப் பிடித்தார்கள்.

முதல் இரண்டு அதிகாரங்களைச் சேர்த்தே வாசியுங்கள். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அண்டை ஜனங்களின் பாவங்களை அவர் அடுக்கும்போது, கேட்டவர்கள் ஆமென் சொல்லியிருப்பார்கள். ஏழாவதாக யூதா. எட்டாவதாக, எதிரே நிற்கும் இஸ்ரவேலர்! எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றீர்கள், அடகு வாங்கிய வஸ்திரத்தைப் பலிபீடத்தண்டையில் விரித்துப் படுத்தீர்கள் என்கிறார். அடகாக வாங்கிய போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது யாத்திராகமத்துச் சட்டம். குளிரில் கிடக்கும் ஏழையின் போர்வை அது.

ஏழாம் அதிகாரத்தை வாசிக்கும்போது எனக்கு உங்கள் நினைவு வரும். கோபமாகச் சொல்லவில்லை, பாரத்தோடு சொல்கிறேன். பெத்தேல் ஆசாரியன் அமத்சியா, யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே தீர்க்கதரிசனம் சொல், இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம் என்று ஆமோஸை விரட்டுகிறான். காணிக்கை கொடுக்கிறவர்கள் மனம் நோகுமே என்று எட்டாம் அதிகாரத்தை மடித்து வைக்கும்போது நாமும் அதைத்தான் செய்கிறோம். விழுந்த தாவீதின் கூடாரத்தை எடுப்பிப்பேன் என்ற ஆறுதல் கடைசி ஐந்து வசனங்களில்தான் வருகிறது. அப்போஸ்தலர் 15இல் யாக்கோபு எடுத்துப் பேசுவதும் அதையே. அதுவரைக்கும் பொறுமையாக எங்களைக் கூட்டிப்போங்கள்.

வருகிற அறுப்பின் பண்டிகை ஆராதனையில் எட்டாம் அதிகாரத்தை முதல் பாடமாக வையுங்கள். என்னை வாசிக்கச் சொன்னாலும் வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
சபையின் மளிகைக்கடைக்காரன்