செல்விக்கு, ஹாலில் வைக்கப்போகும் டி.வி. பற்றி

திருநெல்வேலி
5.1.2012

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளை, உன் அத்தை, பிள்ளைகள் எல்லாரும் அங்கே நலந்தானே?

தை பிறந்ததும் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும், அதற்குள் ஹாலில் வயரிங்கை முடிக்க வேண்டும், டி.வி. பாயின்ட் எங்கே வைப்பது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும். இதைக் கடைக்குப் போகும்போதும் கையில் வைத்துக்கொள்.

முதலில் எச்.டி. (ஹை டெஃபனிஷன், கூடுதல் தெளிவான படம்) பற்றி. அது டி.வி.க்குள் மட்டும் இருக்கிற சங்கதி என்று நினைத்துத்தான் நிறையப்பேர் ஏமாந்துபோகிறார்கள். சேனல் எச்.டி.யில் வரவேண்டும். அதை வாங்கும் செட்டாப் பாக்ஸ் எச்.டி. பாக்ஸாக இருக்க வேண்டும். பாக்ஸிலிருந்து டி.வி.க்கு எச்.டி.எம்.ஐ. வயர் (படமும் சத்தமும் ஒன்றாகப் போகிற டிஜிட்டல் வயர்) போக வேண்டும். அதற்கு ஏற்றபடி பாக்ஸில் செட்டிங் செய்திருக்க வேண்டும். இதில் ஒன்று பழையதாக இருந்தாலும் திரையில் தெரிவது பழைய படந்தான். கணக்கையும் பார்த்துக்கொள்: சாதாரண சேனலின் படம் 720-க்கு 576 புள்ளி, அதாவது நாலு லட்சத்துச் சொச்சம். எச்.டி. சேனல் 1920-க்கு 1080, இருபது லட்சத்துக்கு மேல். நீ கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்த ஐந்து மடங்குக்குத்தான். அது வழியில் எங்கேயும் சிந்திவிடக் கூடாது.

அதனால் கேபிளா டிஷ்ஷா என்பதை முதலில் முடிவு செய். மாதம் 70 ரூபாய் அரசு கேபிள் நல்ல காரியந்தான். ஆனால் அது அனலாக், அதாவது டிஜிட்டலுக்கு முந்தைய பழைய முறை, அதில் எச்.டி. வராது. 2010 அக்டோபரில் டில்லி காமன்வெல்த் போட்டியைத் தூர்தர்ஷன் எச்.டி.யில் காட்டியது. சன் டி.வி.யும் கே டி.வி.யும் போன டிசம்பரில்தான் எச்.டி.யில் வந்தன. இவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டில் டிஷ் வைக்கிற டி.டி.எச். எச்.டி. இணைப்புதான் வழி. எந்தக் கம்பெனியானாலும், உன் அத்தை பார்க்கிற சேனலின் எச்.டி. வடிவம் அவர்களிடம் இருக்கிறதா, எந்த நம்பரில் வருகிறது, எந்தப் பேக்கில் வருகிறது என்ற மூன்றையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டு.

இனி அளவு. சோபாவுக்கும் சுவருக்கும் எட்டு அடி என்றாய். நல்ல கண்பார்வை உள்ளவருக்குப் புள்ளி புள்ளியாகப் பிரித்துப் பார்க்க முடிகிற தூரம் ஒவ்வொரு திரைக்கும் ஒரு கணக்கில் வரும். 32 அங்குல ஹெச்.டி. ரெடி திரையில் (1366-க்கு 768 புள்ளி) அது ஆறு அடிக்குள். 40 அங்குல ஃபுல் எச்.டி.யில் (1920-க்கு 1080 புள்ளி) ஐந்தேகால் அடி. அதற்கு அப்பால் போனால் புள்ளிகள் கலந்து வழுவழுவென்று தெரியும். இதையே திருப்பிப் பார்: சாதாரண சேனலை 40 அங்குலத்தில் போட்டால், கண்ணுக்குக் குறை தெரியாமலிருக்கப் பதினாலு அடி தள்ளி உட்கார வேண்டும். 32-இல் பதினோரு அடி போதும். பெரிய டி.வி. வாங்கி அதில் கேபிள் பார்க்கிறவர்கள் “பழைய டி.வி.யே தெளிவாக இருந்தது” என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். டி.வி.யில் கோளாறு எதுவும் இல்லை. சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே அரசு கேபிளோடு இருந்துகொள்வதாக இருந்தால் 32 அங்குலம் ஹெச்.டி. ரெடி எடு, மேலே போகாதே. எச்.டி. டிஷ் போடுவதாக இருந்தால் 40 அங்குலம் ஃபுல் எச்.டி. எடு. எட்டு அடியில் 40 அங்குலத்துக்கு ஹெச்.டி. ரெடிக்கும் ஃபுல் எச்.டி.க்கும் கண்ணுக்கு வித்தியாசம் லேசாகத்தான் தெரியும், உண்மை. ஆனாலும் 1080 வரிப் படம் 1080 வரித் திரையில் சுருக்காமல் நீட்டாமல் அப்படியே உட்காரும். 768 வரித் திரையில் எந்தச் சேனலும் அளவை மாற்றித்தான் உட்காரும். டி.வி. என்பது பத்து வருஷச் சாமான். எனக்கு மனசு 40-இல்தான்.

கடையில் பிளாஸ்மா என்று வேறு வகைத் திரை உள்ள டி.வி.யையும் காட்டுவார்கள். இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாகத் தெரிவது அதில்தான், ஓடுகிற பந்தும் இழுபடாது. ஆனாலும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். செய்திச் சேனலும் சீரியலும் நாள்முழுக்க ஓடும். மூலையில் அசையாமல் நிற்கிற சேனல் முத்திரையும் கீழே ஓடுகிற பட்டையும் பிளாஸ்மாத் திரையில் தடமாகப் பதியும், முதல் 200 மணி நேரத்தில் இன்னும் சுலபமாகப் பதியும். கரண்டும் அதிகம் இழுக்கும், மின்வெட்டில் இன்வெர்ட்டர் தாங்காது. ‘எல்.இ.டி. டி.வி.’ என்பது தனி ஜாதி இல்லை. எல்.சி.டி. திரைக்குப் பின்னால் டியூப் விளக்குக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்கு, அவ்வளவே. கரண்ட் மிச்சமாகும், ஒல்லியாக இருக்கும். விலை வித்தியாசம் கட்டுப்படியானால் எடு.

கடையில் எல்லா டி.வி.யிலும் பூவும் கிளியும் மின்னும். அது பென் டிரைவில் ஓடுகிற விளம்பரப் படம், அதைப் பார்த்து முடிவெடுக்காதே. “சாதாரண சன் டி.வி. போடுங்க” என்று கேள். எட்டு அடி தள்ளி நின்று பார். அப்புறம் கூச்சப்படாமல் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, தலையைத் தூக்கிப் பார். இது முக்கியம், ஏனென்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துதான் டி.வி. பார்க்கும். பல எல்.சி.டி. திரைகள் கீழிருந்து பார்த்தால் நிறம் வெளுத்து, நிழல் பக்கம் சாம்பல் பூத்தாற்போல ஆகிவிடும். ஐ.பி.எஸ். என்று சொல்கிற பேனல் இந்தக் கோணத்தைத் தாங்கும். உட்கார்ந்து பார்த்தபோது முகத்தின் நிறம் மாறாத டி.வி.யை எடு, கம்பெனி எதுவானாலும் சரி. பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், மூன்று இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது எலெக்ட்ரீஷியனுக்கு. திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றேகால் அடியில் வர வேண்டும். சாமி படம் மாதிரி உயரத்தில் மாட்டச் சொல்வார்கள், விடாதே. கழுத்தும் வலிக்கும், மேலே சொன்ன வெளுப்பும் வரும். டி.வி.க்குப் பின்னால் 5 ஆம்பியர் பிளக் பாயின்ட் இரண்டு, கீழே பாக்ஸ் வைக்கிற அலமாரியில் மூன்று. இரண்டுக்கும் நடுவே சுவருக்குள் ஒன்றரை அங்குலப் பைப் ஒன்று போடச் சொல். முக்கால் அங்குலப் பைப் போதும் என்பார். எச்.டி.எம்.ஐ. வயர் நுழையும், ஆனால் அதன் தலை இரண்டு சென்டிமீட்டர் அகலம், நுழையாது. அதை வெட்டி ஒட்டவும் முடியாது. பைப் முனையில் சதுர முழங்கை வைக்காமல் வளைவாக விடச் சொல். மொட்டைமாடியிலிருந்து டிஷ் வயருக்குத் தனிப் பைப். கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் விடக் கூடாது.

டிஷ்ஷுக்கு வானம் தென்கிழக்குப் பக்கம் திறந்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியோ தென்னை மட்டையோ மறைக்காத இடமாகப் பார்த்துக் கொடு. வயர் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சுற்றுத் தொங்கலாக விட்டு அப்புறம் மேலே ஏற்றி நுழைக்கச் சொல், மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் வயர் வழியாகவே வீட்டுக்குள் வந்து பாக்ஸைத் தொடும். பலத்த மழையில் படம் கொஞ்ச நேரம் நிற்கும், அதற்கு ஆளைக் கூப்பிட வேண்டாம்.

சுவரில் மாட்டும்போது டி.வி.யின் முதுகில் இருக்கிற நாலு திருகுத் துளைகளின் இடைவெளியை அளந்து அதற்கேற்ற ஸ்டாண்ட் வாங்க வேண்டும். 200-க்கு 200 மில்லிமீட்டர், 400-க்கு 400 என்று வரும். திருகு நீளம் கூடினால் உள்ளே போர்டைக் குத்திவிடும், கையால் சுற்றி இறங்குகிற அளவு பார்த்துவிட்டு முறுக்கச் சொல். சுற்றிலும் நாலு அங்குலம் காற்றோட்டம் வேண்டும். ஆட்டோவில் கொண்டுவரும்போது டி.வி.யைப் படுக்கவைக்காதே, நிறுத்தியே கொண்டுவரச் சொல்.

இதைக் கோடு போட்டு வைத்துக்கொள்: எச்.டி.எம்.ஐ. வயரைச் சொருகும்போதும் உருவும்போதும் டி.வி., பாக்ஸ் இரண்டின் பிளக்கும் சுவரிலிருந்து உருவப்பட்டிருக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாது. பாக்ஸின் உலோகப் பாகத்தில் டெஸ்டரை வைத்துப் பார், லேசாக எரியும். கை வைத்தால் மெல்லச் சுருக்கென்று இருக்கும். இரண்டு முள் பிளக் உள்ள சாமான்களில் இந்தக் கசிவு இருக்கத்தான் செய்யும், ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் சொருகுகிற கணத்தில் அந்தக் கசிவு எச்.டி.எம்.ஐ. ஊசிகள் வழியாகப் பாய்ந்தால் அந்தத் துளை செத்துப்போகும், சிலசமயம் மெயின் போர்டே போகும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையும் டிஷ் வயரையும் சேர்த்தே கழற்றிவிடு. எர்த் சரியாக உள்ள பாயின்ட்டில் ஒரு ஸ்பைக் கார்டு (திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கிற பிளக் பலகை) போதும். இந்த டி.வி.கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குபவை, குறைந்த வோல்டேஜுக்காகத் தனி ஸ்டெபிலைசர் வேண்டாம். எந்த எண்கள் என்பதைப் பின்பக்க ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்.

வயருக்கு இரண்டாயிரம் ரூபாய் கேட்பார்கள், தங்கப் பூச்சு என்பார்கள். இரண்டு மீட்டர் வயர் எதுவானாலும் படம் ஒன்றுதான். டிஜிட்டல் வயர் கெட்டால் படம் மங்காது, திரையில் பொரிபொரியாக மின்னும், அல்லது விட்டுவிட்டுக் கறுத்துப்போகும். அப்படி இல்லையென்றால் வயர் நல்ல வயர்.

டிஷ் மாட்ட வருகிறவர் மேல் ஒரு கண் வை. அவசரத்தில் மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரைச் சொருகிப் படம் வந்ததும் கிளம்பிவிடுவார்கள். எச்.டி. பாக்ஸாக இருந்தாலும் அந்த மஞ்சள் வயரில் எச்.டி. போகவே போகாது. எச்.டி.எம்.ஐ. மாட்டிய பிறகும் பாக்ஸின் மெனுவில் வீடியோ அவுட்புட் 576 என்று இருக்கலாம், அதை ‘1080i’ என்று மாற்று. இங்கே எச்.டி. சேனல்கள் அந்த அளவில்தான் வருகின்றன. திரை வடிவம் 16:9. பிறகு எச்.டி. சேனலின் நம்பரைப் போட்டு (பழைய நம்பரைப் போட்டால் பழைய சேனல்தான் வரும்), டி.வி. ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அமுக்கு. மூலையில் 1920×1080 என்று வந்தால்தான் அவருக்குக் கையெழுத்துப் போடு. சத்தம் வரவில்லையென்றால் பாக்ஸில் ஆடியோவை பி.சி.எம். என்று மாற்றினால் பெரும்பாலும் வந்துவிடும்.

டி.வி.யை முதல்முறை போட்டதும் ‘ஸ்டோர்’ உபயோகமா ‘ஹோம்’ உபயோகமா என்று கேட்கும். ‘ஹோம்’ கொடு. பிக்சர் மோடில் ‘டைனமிக்’, ‘விவிட்’ என்று இருப்பதெல்லாம் கடை வெளிச்சத்துக்கு. வீட்டில் ‘ஸ்டாண்டர்ட்’, இரவில் ‘சினிமா’. ஷார்ப்னஸைக் குறைத்து வை. கூட்டினால் தெளிவு கூடாது, எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் விழும். எச்.டி. சேனலில் ஓரம் வெட்டுப்பட்டால் படத்தின் அளவு மெனுவில் சாம்சங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’, எல்.ஜி.யில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சோனியில் ‘ஃபுல் பிக்ஸல்’ என்று இருக்கும், அதைப் போடு.

பழைய சேனல்களும் உன் கல்யாண சி.டி.யும் 4:3 வடிவம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், விழட்டும். அதை நிரப்ப இழுத்துவிட்டால் உன் மணக்கோலத்தில் கன்னமெல்லாம் பூரி மாதிரி உப்பிக்கிடக்கும், தாலிகூட முட்டை வடிவமாகத் தெரியும். அந்த சி.டி.யில் இருப்பதே 352-க்கு 288 புள்ளிதான். எந்த டி.வி.யும் அதைத் தெளிவாக்காது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். அதேமாதிரி எச்.டி. சேனலில் போடுகிற பழைய படம் மங்கலாக இருந்தாலும் பாக்ஸைக் குறை சொல்லாதே. சிவாஜி காலத்துப் பிலிமில் எச்.டி.யை மிஞ்சிய தெளிவு உண்டு. பழைய டேப்பிலிருந்து போடுவதால் வருகிற மங்கல் அது. பிலிமை எடுத்துப் புதிதாக ஸ்கேன் செய்து போடுகிற அன்றைக்கு உன் அத்தைக்குக் காட்டு.

ஒல்லி டி.வி.யின் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கும், பேச்சு அமுங்கிக் கேட்கும். மாப்பிள்ளையின் பழைய மியூசிக் செட்டை ஆடியோ அவுட்டில் மாட்டுங்கள். ஹெட்போன் துளையில் மாட்டினால் பல டி.வி.களில் சொந்தச் சத்தம் நின்றுவிடும்.

சுவர் செங்கலா, ஹாலோ பிளாக்கா என்று மேஸ்திரியிடம் கேட்டு உடனே எழுது. ஹாலோ பிளாக் என்றால் திருகு பிடிக்கச் சுவரில் அடிக்கிற சாதாரண பிளக் பிடிக்காது, வேறு ஆங்கர் வேண்டும். நான் இங்கிருந்தே வாங்கிவருகிறேன். ஜன்னல் எந்தச் சுவரில் இருக்கிறது என்றும் ஒரு படம் வரைந்து அனுப்பு. ஜன்னலுக்கு நேரெதிரில் பாயின்ட் அடித்துவிட்டால் சாயங்காலம் முழுக்கத் திரையில் தெருதான் தெரியும்.

அன்புடன்,
அப்பா