நீயும் ஒண்ணு எழுதுடா

அன்புள்ள சேகர்,

எப்படிடா இருக்க, முட்டி வலி தேவலையா? இங்க எல்லாரும் சௌக்கியம், பேத்தி நடக்க ஆரம்பிச்சுட்டா, வீட்ல ஒரு சாமான் கீழ வெக்க முடியல.

கோபோல்ங்கற நம்ம பழைய கம்ப்யூட்டர் மொழில ப்ரோக்ராம் எழுதறவங்க சில பேர் சேர்ந்து ஒரு நியூஸ்லெட்டர் கொண்டு வராங்கன்னு போன்ல சொன்னேன்ல, அதுல என் கட்டுரை வந்துடுச்சு. முதல்ல கோபோலை உருவாக்கின 1959 கோடாசில் கமிட்டி, அதுக்கு வழிகாட்டின கிரேஸ் ஹாப்பர், ப்ரோக்ராமை ஓட்டை போட்டு பதிவு பண்ற பஞ்ச் கார்டுல 80 காலம் (column), அதுல 7வது காலத்துல ஸ்டார் போட்டா அந்த வரி மெஷின் கண்டுக்காத வெறும் குறிப்பு, அதாவது கமெண்ட்னு வரலாறா எழுதி அனுப்பினேன். இதெல்லாம் படிக்கறவங்களுக்கே தெரியும் சார், உங்க கை பட்டது எதாவது எழுதுங்கன்னு திருப்பிட்டாங்க. அவங்க சொன்னது சரிதான்.

அதான் அந்த சாக்-செவன் ராத்திரியை எழுதினேன், நம்பர் இருக்க வேண்டிய இடத்துல வேற எதாவது இருந்தா மெயின்ஃப்ரேம் குடுக்குமே, அந்த எர்ரர். 98ல ஒய்டூகே வேலைக்காக, அதான் வருஷத்தை ரெண்டு இலக்கமா வெச்ச ப்ரோக்ராமெல்லாம் 2000ல தப்பா போகாம திருத்தறதுக்காக, ரெக்கார்டை பெருசாக்கினப்ப நம்பர் ஃபீல்டுன்னு பாக்காம மொத்த ரெக்கார்டுக்கும் சேர்த்து, வெறும் ஸ்பேஸா நிரப்பற மூவ் ஸ்பேஸஸ் போட்டேனே, ராத்திரி ரெண்டு மணிக்கு பேட்ச் ஜாப் பாதில நின்னு விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீதான் டம்ப்ல, அதான் மெமரில இருந்ததை அப்படியே அச்சடிச்ச பேப்பர்ல, பென்சிலால வட்டம் போட்டு காமிச்ச, பேலன்ஸ் ஃபீல்டு இருக்க வேண்டிய அஞ்சு பைட்லயும் 40 40 40 40 40. மெயின்ஃப்ரேம்ல ஸ்பேஸோட ஹெக்ஸ் கோட் அது. ஒரு பைட்ல ரெண்டு இலக்கமா நம்பரை அடைச்சு வெக்கற காம்ப்-3ல கடைசி அரை பைட் சைன், பிளஸ்ஸா மைனஸான்னு சொல்ற இடம், அங்க சி, டி, எஃப் மாதிரி ஒண்ணு இருக்கணும், 0 இருந்தா மெஷின் கூட்ட மாட்டேன்னு நின்னுடும். அந்த மூவ் ஸ்பேஸஸ் வரியை இனிஷியலைஸ்னு மாத்தினோம், நம்பர் ஃபீல்டுக்கெல்லாம் ஜீரோ போச்சு, ஜாப் ஓடிடுச்சு. இதைப் படிச்சுட்டு ஒரு சின்னப் பையன் எழுதியிருக்கான்டா, மேனுவல்ல விதி இருக்கு சார், ஆனா எங்க தேடணும்னு இப்பதான் புரிஞ்சுதுன்னு. ரெண்டு நாள் மனசு நிறைஞ்சு இருந்துச்சு.

இப்ப உன் முறை. வருஷத்தை நாலு இலக்கமா மாத்த நேரமில்ல, ரெண்டு இலக்க வருஷம் 50க்கு கீழ இருந்தா முன்னாடி 20, இல்லன்னா 19 போட்டுக்கற மாதிரி விண்டோ வெச்சுடலாம்னு எல்லாரும் சொன்னப்ப, பிறந்த தேதிக்கு அது ஒத்து வராது, 48ல பிறந்த பென்ஷன்காரர் 2048ல பிறந்தவரா ஆயிடுவார்னு மீட்டிங்ல தனியா நின்னு சண்டை போட்டது நீதான. அந்த ப்ரோக்ராம்ல பிறந்த தேதி மட்டும் ஏன் எட்டு இலக்கம், மத்த தேதியெல்லாம் ஏன் ஆறுன்னு எந்த கமெண்ட்லயும் கிடையாது, நாம எழுதி வெக்கல. அதைப் பாக்கற அடுத்த ஆளு இது என்ன குளறுபடின்னு எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா என்ன ஆகும்? 2020 ஏப்ரல்ல நியூஜெர்சி கவர்னரே கோபோல் தெரிஞ்சவங்க வேணும்னு பேட்டில கேட்டாரே, அந்த அளவுக்கு ஆள் குறைஞ்சிருக்கு, கோட் மட்டும் ஓடிட்டுதான் இருக்கு.

எனக்கு எழுத வராதுன்னு சொல்லாத, போன்ல எனக்கு சொன்ன மாதிரியே எழுது. அந்த வங்கி பேர் மட்டும் வேண்டாம். ரெண்டு பக்கம் போதும், 20ம் தேதிக்குள்ள நோட்டுல எழுதி போட்டோ எடுத்து அனுப்பு, டைப் அடிக்கறது என் பொறுப்பு.

அன்புடன்,
ரகு