நிக்கோபார் இலைமூக்கு வௌவால்கள்: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. நிக்கோபாரில் பெரிய இலைமூக்கு வௌவால்களை அளந்து, உருவம் பெருத்தவற்றைத் தனி இனம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அளவை மட்டும் நம்பிச் சொல்லாதே. சாலமன் தீவுகளில் என்ன ஆனது என்று பார்.

அங்கே ஹிப்போசிடெரோஸ் என்ற இலைமூக்கு வௌவால் பேரினத்தில் நெருங்கிய உறவுள்ள மூன்று இனங்களை, டயடீமா, டெமிசஸ், டைனாப்ஸ் என்று, உடல் அளவை வைத்தே பிரித்திருந்தார்கள். பெரியது டைனாப்ஸ். ஆய்வாளர் டைரோன் லேவரியும் கான்சாஸ் பல்கலைக்கழகக் குழுவினரும் மரபணுத்தொகையின் பல பகுதிகளை ஒப்பிட்டபோது, வெவ்வேறு தீவுகளின் டைனாப்ஸ் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவினர் அல்ல என்று தெரிந்தது. பெரிய உடல் குறைந்தது இரண்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அதைவிட என்னை வியக்க வைப்பது இன்னொன்று: ஒரே தீவில் சேர்ந்து வாழும் பெரியதற்கும் சிறியதற்கும் இடையே மரபணுக் கலப்புக்குத் தடயம் கிடைக்கவில்லை. பிரிந்து அதிக காலம் ஆகாத உறவுகள், அதற்குள் கலப்பு நின்றுவிட்டது!

எதிரொலியால் இரையை அறிய வௌவால் எழுப்பும் குரலில்தான் இதற்கு விடை இருக்கும் என்பது என் எண்ணம். உடல் பெருத்தால் குரலின் அலைவெண் இறங்கும். அலைவெண் இறங்கினால் பிடிக்கிற இரை மாறும், துணையை அடையாளம் காண்பதும் மாறலாம். இன்னும் நிரூபிக்க வேண்டிய கருத்துதான். நிக்கோபாரில் இருப்பதும் அதே டயடீமா என்பதால் (விலங்கியலாளர் டாப்சன் 1871-ல் நிக்கோபாரென்சிஸ் என்று பெயரிட்டது) உன் அளவைகள் இதற்கு நேரடியாக உதவும்.

போகும் முன் கடல் ஆழ வரைபடத்தில் 120 மீட்டர் கோட்டை வரைந்துகொள். பனியுகத்தில் கடல் அவ்வளவு இறங்கியிருந்தது. சாலமன் தீவுக்கூட்டத்தின் பூகன்வில், சாய்சல், இசபெல் எல்லாம் அன்று ஒரே நிலம். அதேபோல நிக்கோபாரின் கமோர்ட்டா, நன்கவுரி, டிரிங்கட் மூன்றையும் மூன்று தனித் தீவுகளாக எண்ணினால் கணக்கு தப்பும். கார் நிக்கோபாரைத் தனியாக வை.

முன்கையை இறக்கை மடிந்த நிலையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெர்னியர் காலிப்பரால் அள. அதற்கு முன் விரல் மூட்டுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துப் பார். குருத்தெலும்பு வெளிறிய பட்டையாகத் தெரிந்தால் குட்டி. அதைச் சேர்த்தால் சராசரி இறங்கி, இல்லாத "சிறிய வகை" ஒன்று முளைக்கும். ஆண், பெண் தனித்தனிப் பட்டியல். எடையை நம்பாதே, வயிறு நிறைந்ததும் கருவுற்றதும் ஏமாற்றும்.

மரபணு ஆய்வுக்கான திசுவை எடுக்க 3 மி.மீ. பஞ்ச் (சிறு வட்டத் துண்டு வெட்டும் கருவி) போதும். இறக்கைச் சவ்வை வெளிச்சத்தில் பிடித்து, ரத்தக்குழாய் இல்லாத இடத்தில் குத்து. சில வாரங்களில் ஆறிவிடும். ஒவ்வொரு வௌவாலுக்குப் பிறகும் பஞ்சை எத்தனாலில் துடைத்துத் தீயில் காட்டு. திசுவை எத்தனால் குப்பியில் போடு. அதற்குச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், டிஎன்ஏ கெடும். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடு. பேனா மை கரைந்துவிடும். விமானத்தில் எத்தனாலால் சிக்கல் வரும் என்றால் சிலிக்கா ஜெல்லில் உலர்த்து, நிறம் மாறியதும் ஜெல்லை மாற்று.

ஆய்வகத்தில் மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றோடு நிறுத்திவிடாதே. அது தாய்வழி மட்டுமே வருவது. பெண் பிறந்த குகையிலேயே தங்கி, ஆண் மட்டும் தீவு தாண்டினால், இல்லாத பிரிவு இருப்பதாகக் காட்டும்.

குரலை, வௌவால் கையில் அசையாமல் இருக்கும்போது பதிவு செய். பறக்கும்போது தன் வேகத்துக்கேற்ப அலைவெண்ணைச் சற்று இறக்கும். இரண்டையும் கலந்தால் அட்டவணை வீண். டயடீமா ஏறத்தாழ 60 கிலோஹெர்ட்ஸில் கத்தும், ஆகவே நொடிக்கு 2,50,000 மாதிரிகளாவது எடுக்கும் கருவி வேண்டும்.

அந்தமானின் ரைனோலோஃபஸ் அந்தமானென்சிஸ் என்ற லாடமூக்கு வௌவால் 2019-ல் மீண்டும் தனி இனமானது உருவம், குரல், மரபணு மூன்றும் ஒத்துப்போனதால்தான். உனக்கும் அந்த மூன்றும் வேண்டும்.

பழங்குடியினர் காப்பகத்துக்குள் போக 1956 ஒழுங்குமுறைச் சட்டப்படி தனி அனுமதி தேவை. வனத்துறை அனுமதியோடு சேர்த்து அதற்கும் இப்போதே எழுது. முதல் தீவின் பதிவுகள் கிடைத்ததும் அனுப்பு, அலைவெண்ணை நானும் அளந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்