கொளுத்துகிற வாயுவைச் சுத்தம் செய்யுங்கள்: செம்பனை ஆலை நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலை நிர்வாகத்தாருக்கு, வணக்கம்.

தெலுக் இந்தான் பக்கம், உங்கள் ஆலைக்குப் பின்னால் இருக்கும் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்தவன் நான். இருபது வருடம் கெர்த்தேயில் எரிவாயு வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்குத் துணையாக ஊர் திரும்பியிருக்கிறேன்.

அம்மா தன் வெள்ளிக் குங்குமச்சிமிழை விபூதி போட்டுத் துலக்கி வைப்பார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அது கறுத்துவிடுகிறது. திறந்து கிடக்கும் உங்கள் கழிவுநீர்க் குளத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடுதான் காரணம். அழுகிய முட்டை வாடை அடித்தால் வாயு இருப்பதாவது தெரியும். அளவு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) தாண்டினால் மூக்கு மரத்து, வாடையே தெரியாமல் போகும். காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் தேங்கும். குளத்தோரம் வேலை செய்கிற பிள்ளைகளை நினைத்துத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு குளத்தை மூடி, வாயுவைப் பிடித்துக் கொளுத்துகிறீர்கள். நல்லதுதான்; மீத்தேனை அப்படியே காற்றில் விடுவதைவிட மேல். ஆனால் அந்த வாயுவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடின் கந்தகம் எரிந்தால் சல்பர் டை ஆக்சைடாகி மறுபடி எங்கள் கூரைமேல்தான் இறங்கும். எரிபொருளும் வீண். ஒரு கன மீட்டர் கழிவுநீரில் ஏறத்தாழ 28 கன மீட்டர் வாயு வருகிறது. அதில் அறுபது விழுக்காடு போல மீத்தேன், மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு.

இதைப் பிரிக்கப் பரப்புக் கவர்தல் என்ற முறை இருக்கிறது. பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல் இல்லை. வேண்டாத வாயு கரியின் நுண்துளைச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. நல்ல கிளர்வூட்டிய கரி, அதாவது நுண்துளைகள் நிறைய உண்டாகும்படி பதப்படுத்திய கரி, ஒரு கிராமுக்குள் 1000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு இருக்கும், கிட்டத்தட்ட பன்னிரண்டு பூப்பந்துக் களம்! அந்தக் கரியை நீங்கள் பாய்லரில் போட்டு எரிக்கும் செம்பனைக் கொட்டை ஓட்டிலிருந்தே செய்யலாம்.

கரி நிரப்பிய முதல் டிரம்மில் ஹைட்ரஜன் சல்பைடைப் பிடிக்க வேண்டும். அது ஒட்டினால் லேசில் விடாது, அடுத்த கட்டத்தையே கெடுத்துவிடும். அப்புறம் வாயுவிலுள்ள ஈரத்தை எடுக்க வேண்டும். அதன் பிறகு கரிச் சல்லடை (மூலக்கூறு அளவுக்கே துளை உள்ள கரி) நிரப்பிய இரண்டு கோபுரங்கள். கரியமில வாயு மூலக்கூறு 3.3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), மீத்தேன் 3.8. அழுத்தம் ஏற்றினால் சின்னது சட்டென்று துளைக்குள் புகுந்துகொள்ளும். மீத்தேன் மேலே வந்துவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் பிடித்ததைக் கரி விட்டுவிடும். ஒரு கோபுரம் வேலை செய்யும்போது மற்றது தன்னைக் காலி செய்துகொள்ளும். வெளியேறும் கழிவு வாயுவிலும் கொஞ்சம் மீத்தேன் இருக்கும், அதை பாய்லருக்கே திருப்பிவிடுங்கள்.

புதிய ஆலைகளும் விரிவாக்கம் செய்யும் ஆலைகளும் வாயுவைப் பிடிக்க வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் 2014 முதல் சொல்கிறது. சிலாங்கூரில் உள்ள சுங்கை தெங்கி செம்பனை ஆலையில் 2015-லேயே கழிவுநீர் வாயுவைச் சுத்தம் செய்து அழுத்தி அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் ஆலை பழையது, விதி கட்டாயப்படுத்தாது என்று தெரியும். கோபுரங்களுக்குச் செலவாகும் என்பதும் தெரியும். அதற்கு அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள். கரி டிரம்மையும் மிச்சக் குளத்துக்கு மூடியையும் தள்ளிப்போடாதீர்கள்.

பேச நாள் குறித்துச் சொல்லுங்கள். ஞாயிறு காலை என்றால் லயத்து ஆட்கள் எல்லாரும் வர முடியும். கோபுரத்தின் படத்தை நானே வரைந்து எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
பின் லயத்துக்காரன்