விளம்பரம் எழுதக் கற்க ஒரு தமிழ்ப் புத்தகம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

விளம்பரம் எழுதும் பயிற்சி வகுப்புகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பி.காம். முடித்த என் தங்கை மகனும் அப்படி ஒரு மூன்று மாத வகுப்புக்கு 40,000 ரூபாய் கட்டத் துடிக்கிறான். முதலில் நூலகத்துக்குப் போ என்று அவனிடம் சொன்னேன்.

திருவல்லிக்கேணியில் 22 ஆண்டுகளாகச் சிறிய அச்சகம் நடத்துகிறேன். நோட்டீஸ் அடிக்க வருகிறவர்களில் பாதிப்பேர், "மேட்டரையும் நீங்களே எழுதிவிடுங்கள்" என்பார்கள். தரம், சுவை, நியாயமான விலை என்று ஒரே பல்லவியைத்தான் எழுதி வந்தேன். கடைப் பெயரை மாற்றினால் எதற்கும் பொருந்தும்.

அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடையில் புகழ்பெற்ற விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வியின் புத்தகம் ஒன்று 60 ரூபாய்க்குக் கிடைத்தது. ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதும் முன் மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றியே படித்திருக்கிறார் மனிதர். 60 மைல் வேகத்திலும் காருக்குள் உரக்கக் கேட்பது மின் கடிகாரத்தின் சத்தம்தான் என்ற தலைப்பு அப்படிக் கிடைத்ததுதான். அவர் வழியாக, அவருக்கு முந்தைய தலைமுறை அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸைத் தெரிந்துகொண்டேன். ஷ்லிட்ஸ் என்ற பீர் கம்பெனிக்கு எழுதும் முன் ஆலையைச் சுற்றிப் பார்த்தவர் அவர். அங்கே ஒவ்வொரு புட்டியையும் நான்கு முறை கழுவினார்கள். எல்லா ஆலைகளிலும் நடப்பதுதானே என்றார்களாம். யாரும் சொல்லவில்லையே என்று அதையே எழுதினார்.

அடுத்து இட்லி மாவுக் கடை அம்மா நோட்டீஸ் கேட்டு வந்தபோது, எழுத உட்காராமல் விடியற்காலை அவர் கடைக்குப் போய் கிரைண்டர் பக்கத்தில் நின்றேன். உளுந்து மாவில் ஒரு துளியை எடுத்து டம்ளர் தண்ணீரில் விட்டார். மூழ்கியது, மறுபடி ஓட விட்டார். இரண்டாவது துளி பஞ்சுபோல மிதந்த பிறகே கிரைண்டரை நிறுத்தினார். "உளுந்து மாவு தண்ணீரில் மிதந்தால்தான் எங்கள் கிரைண்டர் நிற்கும்" என்று தலைப்புப் போட்டேன். பத்தாம் நாள் அதே நோட்டீஸில் இன்னும் ஆயிரம் கேட்டு வந்தார்.

நான் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அந்த ஆங்கிலப் புத்தகங்களை அகராதியோடு, ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் என்று படித்தேன். கன்னிமாரா நூலகத்திலும் அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகத்திலும் தமிழ் அடுக்குகளில் தேடினேன். தன்னம்பிக்கை நூல்கள் நிறைய இருக்கின்றன. விளம்பர வாசகம் எழுதக் கற்றுத்தரும் நூல் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. தமிழில் எழுதிப் பிழைக்க நினைக்கிற பிள்ளை ஆங்கிலத்தின் வாசலில்தான் நிற்க வேண்டுமா?

ஹாப்கின்ஸ் 1923-இல் வெளியிட்ட 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' சிறிய நூல்தான். அவர் 1932-இல் காலமானார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்தால் நம் நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. ஆகவே அதை மொழிபெயர்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகமோ ஒரு பதிப்பகமோ இதைத் தமிழில் கொண்டுவர வேண்டும். கிளை நூலகங்கள் வரை அது போய்ச் சேர வேண்டும். மொழிபெயர்ப்பு தயாரானால், கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. வேலையை நான் கூலி வாங்காமல் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை - 5.