எடை எங்கே குறைந்திருக்கிறது?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்திவிட்டதால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது தேறிவிட்டார்.

நீ பணி ஓய்வு பெற்றுவிட்டாய் என்பதை மனம் இன்னும் ஏற்கவில்லை. 32 வருடம் கரும்பலகை முன்னால் நின்றவள், இனி காலையில் மணிச்சத்தம் கேட்காமல் எப்படி இருக்கப்போகிறாய் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வகுப்பறை நினைவுகளை எழுதப்போகிறேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே, "லேசாக ஒரு லேப்டாப் வேண்டும், முதுகுவலி தாங்கவில்லை, எதை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறாய். அந்த முதல் வரியைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை. சரி, கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இந்த விஷயத்தில் ஒரு முறை பணத்தைத் தொலைத்துக் கற்றுக்கொண்டவள் நான்.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை என்னிடம் இருந்தது 15 அங்குலத் திரை வைத்த பழைய லேப்டாப். 2.4 கிலோ. செங்கல் மாதிரி ஒரு சார்ஜர், அது தனியாக அரை கிலோ. மெய்ப்புத் திருத்தும் வேலைக்காக வாரத்தில் மூன்று நாள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் வருவேன். இரவில் வலது பக்கம் திரும்பிப் படுக்க முடியாத அளவுக்குத் தோள்வலி வந்துவிட்டது. அந்த வலியில், இருப்பதிலேயே லேசானது எது என்று மட்டும் கேட்டு ஒன்றை வாங்கினேன். 1.1 கிலோ. கையில் எடுத்தால் நோட்டுப் புத்தகம் மாதிரி இருந்தது. முதல் ஒரு மாதம் அத்தனை சந்தோஷம்.

அப்புறம் ஆரம்பித்தது. ஒரு பக்கம் பிடிஎஃப், ஒரு பக்கம் வேர்ட், பிரவுசரில் அகராதி. மூன்றையும் சேர்த்துத் திறந்தால் திணறும். நான் தட்டிய எழுத்து, அடுத்த சொல்லை யோசித்து முடித்த பிறகுதான் திரையில் வந்து விழும். விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தது, இடம் போதவில்லை என்று பாதியில் நின்றது. படங்களை அழித்தேன், பழைய ஃபைல்களை அழித்தேன், அப்போதும் போதவில்லை. பழுது பார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். அவர் அடிமூடியைக் கழற்றி உள்ளே காட்டினார். 4 ஜிபி ராம் (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம்), 64 ஜிபி சேமிப்பு. இரண்டுமே போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த சில்லுகள். "இதில் கழற்றி மாட்ட ஒன்றுமே இல்லையம்மா" என்றார். விற்றவர்கள் பொய் சொல்லவில்லை. எல்லாம் பெட்டியில் பொடி எழுத்தில் இருந்தது. நான்தான் எடையைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை.

அன்றைக்கு அந்த மூடியில்லாத லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குள் எழுந்த கேள்வியைத்தான் உனக்கும் சொல்லப்போகிறேன். லேசான லேப்டாப் எதைப் பார்த்தாலும், எடை எங்கே குறைந்திருக்கிறது என்று கேள்.

1981-இல் ஆஸ்போர்ன் 1 என்று ஒரு கணினி வந்தது. கையில் தூக்கிச் செல்லலாம் என்று சொல்லி விற்றார்கள், எடை கிட்டத்தட்ட 11 கிலோ! 2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏர் என்ற லேப்டாப்பை உருவி எடுத்துக் காட்டினார். அது 1.36 கிலோ. அவ்வளவு மெல்லியதாக்க சிடி, டிவிடி வட்டு போடும் டிரைவை எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு யூஎஸ்பி துளைதான் வைத்தார்கள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்போது பலர் கேட்டார்கள். இன்றைக்குப் புது லேப்டாப்பில் வட்டு டிரைவைத் தேடினாலும் கிடைப்பது அரிது, யாரும் அதற்காக ஏங்குவதும் இல்லை. அங்கே எடை குறைந்தது, இல்லாமலே வாழக்கூடிய ஒரு பொருளை எடுத்ததால்.

உண்மையில் லேப்டாப்பின் எடை பெரும்பாலும் இருப்பது மூன்று இடத்தில்தான்: கூடு, திரை, பேட்டரி. கூட்டை மெக்னீசியம் கலவையில் செய்தால் உறுதி குறையாமல் எடை குறையும், விலை ஏறும். பிராசசர் என்கிற கணிக்கும் சில்லு குறைந்த மின்சாரத்தில் ஓடினால் சூடு குறையும். சூடு குறைந்தால் அதை வெளியேற்றப் பெரிய ஃபேனும் செம்புக் குழாயும் வேண்டாம், சின்ன பேட்டரியே நாளெல்லாம் தாங்கும். 2020 நவம்பரில் எம்1 சில்லோடு வந்த மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. இப்படிக் குறைந்த எடைக்குக் காசு கொடுக்கலாம்.

ஆனால் 4 ஜிபி ராமுக்கும் 16 ஜிபி ராமுக்கும் எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. நான் வாங்கியதில் அங்கே குறைத்தது விலையை. எடை குறைவு என்ற பெயருக்குப் பின்னால் அது ஒளிந்துகொண்டது. லேசானவற்றில் பலவற்றில் ராமைப் பின்னால் கூட்ட முடியாது என்பதால் வாங்கும் அன்றைக்கே போதுமானதாக வாங்கிவிட வேண்டும். உன் வேலைக்கு 16 ஜிபி ராம் இருந்தால் பல வருடம் நிம்மதி. கை கடித்தால் 8 ஜிபி, அதற்குக் கீழே இறங்காதே. சேமிப்பு எஸ்எஸ்டியாக (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சில்லுச் சேமிப்பு) இருக்கட்டும், 256 ஜிபிக்குக் குறையாமல். பிராசசர் பெயர்களைப் பார்த்து மிரண்டுவிடாதே. எழுதவும் படிக்கவும் பேத்தியோடு வீடியோவில் பேசவும், கடந்த மூன்று நான்கு வருடத்தில் வந்த நடுத்தரமான எதுவும் போதும்.

திரை 14 அங்குலம் எடு. 15-க்கு மேல் போனால் எடை ஏறும், 12-க்குக் கீழே போனால் நம் கண்ணுக்குக் கஷ்டம். 1920-க்கு 1200 புள்ளிகள் உள்ள திரை கிடைத்தால், வழக்கமான 1920-க்கு 1080-ஐ விட உயரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எழுதுகிறவர்களுக்கு அது பெரிய உதவி, ஒரே பார்வையில் இன்னும் சில வரிகள் தெரியும். கண்ணாடி மாதிரி பளபளக்கும் திரை வேண்டாம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் உன் முகம்தான் அதில் தெரியும்.

அடுத்தது கீபோர்டு. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் தட்டப்போவது தமிழ். நீயும் தமிழ்99 விசைப்பலகை முறையில்தான் அடிப்பாய் என்று நினைக்கிறேன். அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. ந அரைப்புள்ளியில், ய மேற்கோள்குறியில், ழ சாய்கோட்டில். எல்லாம் வலது ஓரம். சின்ன லேப்டாப்புகளில் இடம் போதாதபோது ஒடுக்கிவிடுவது அந்த வலது ஓர விசைகளைத்தான். ஆங்கிலத்தில் தட்டுகிறவருக்கு அடைப்புக்குறி எப்போதாவதுதான் தேவைப்படும், அதனால் அவருக்குக் குறை தெரியாது. எனக்கோ அந்த 1.1 கிலோவில் 'சொல்' என்று அடிக்கப் போனால் சுண்டுவிரல் பக்கத்து விசையில் விழும். ஒரு பக்கத்தில் எத்தனை ச, எத்தனை ந, எத்தனை ய வருகிறது என்று எண்ணிப் பார்! எனவே கடையில் நின்றபடியே விண்டோஸில் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்க்கச் சொல். மடியில் வைத்துக்கொண்டு, பார்க்காமல், ஒரு பத்தி முழுக்கத் தட்டிப் பார். விரல் தடுமாறினால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடு.

பேட்டரிக்கு "18 மணி நேரம்" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதே. பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ ஓடவிட்டு எடுத்த கணக்கு அது. வாட்-அவர், அதாவது பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு, எவ்வளவு என்று பார். எழுத்து வேலைக்கு லேசான லேப்டாப் சுமார் 6 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 50 வாட்-அவர் பேட்டரி எட்டு மணி நேரம் தாங்கும். எனக்கு அதுதான் நடக்கிறது. முழுக்க ஏற்றி வைத்தபடியே சூட்டில் கிடந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பல லேப்டாப்புகளின் செட்டிங்கில் இருக்கிறது, முதல் நாளே போட்டுவிடு.

சார்ஜரையும் கையில் எடுத்துப் பார். லேப்டாப் மட்டும் லேசாக இருந்து சார்ஜர் கனத்தால் உன் முதுகு அதையும் சேர்த்துத்தானே சுமக்கும். யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுகிறதா என்று கேள். அப்படியானால் 65 வாட் சின்ன சார்ஜர் ஒன்றே லேப்டாப்புக்கும் போனுக்கும் ஆகும்.

யாரோ பயன்படுத்திய, அலுவலகத் தரமான லேப்டாப்பைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று உன் தம்பி சொன்னதாக எழுதியிருந்தாய். நல்ல யோசனைதான். அவற்றில் கீபோர்டு பெரும்பாலும் அருமையாக இருக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டன. அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறுமா என்று பார்த்துக்கொள். பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. முதலில் எவ்வளவு கொள்ளளவு இருந்தது, இப்போது எவ்வளவு மிச்சம் என்று அதில் தெரியும். பாதியாகத் தேய்ந்திருந்தால் புது பேட்டரி விலையையும் சேர்த்துக் கணக்குப் போடு.

என் பழைய 2.4 கிலோவைத் தூக்கிப்போடவில்லை. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் ஏற்றி, அக்கா மகளுக்குக் கொடுத்தேன். மேசையை விட்டு நகராமல் நன்றாக ஓடுகிறது.

இப்போது என்னிடம் இருப்பது 1.2 கிலோ, 14 அங்குலம், 16 ஜிபி. இது வந்த பிறகு என்ன மாறியது என்று கேட்டால், வேகத்தைச் சொல்ல மாட்டேன். எழுதும் இடம் மாறியது. முன்பெல்லாம் எழுத வேண்டும் என்றால் மேசைக்குப் போக வேண்டும், வயரைச் செருக வேண்டும். இப்போது அப்பாவின் கட்டில் ஓரத்துக்கு எழுத்து போய்விட்டது. அவருக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. இரண்டு மணி, மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, சின்ன வயசில் கிணறு வெட்டியது, தாத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு நடந்தது என்று பேச ஆரம்பிப்பார். பழைய லேப்டாப்பை எடுத்து வந்து திறந்தால் ஃபேன் இரையும். "என்னம்மா சத்தம் அது?" என்று பேச்சை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் அந்த நூல் அறுந்துவிடும், மறுநாள் கேட்டாலும் வராது.

இப்போது விளக்குப் போடுவதில்லை. முக்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்து, மூடியை ஒரு விரலால் தூக்குவேன். விசைகளுக்கு அடியில் மங்கலான வெளிச்சம் வரும், சத்தம் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார், நான் அவர் பேசுகிறபடியே தட்டிக்கொண்டு போவேன். போன மாதம் ஒரு இரவில் தண்ணீர் ஊறிய நாளைப் பற்றிச் சொன்னார். 40 அடியில் ஊற்றுக் கண் திறந்தபோது உள்ளே நின்றது அவர்தானாம், கணுக்காலில் பட்ட அந்தக் குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது என்றார். இத்தனை வருடத்தில் எங்கள் யாரிடமும் அவர் அதைச் சொன்னதே இல்லை. 61 பக்கம் சேர்ந்திருக்கிறது.

அதனால்தான் உன் அந்த ஒற்றை வரி என்னைப் பிடித்துக்கொண்டது. வாங்கியதும் பெரிய திட்டமெல்லாம் போடாதே. எப்போதோ எனக்கு எழுதினாயே, பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று வருடம் முழுக்கக் கடைசி வரிசையில் நின்றுகொண்டே எழுதிய ஒரு பையனைப் பற்றி, அவனிலிருந்து ஆரம்பி. ஒரு பக்கம் ஆனதும் எனக்கு அனுப்பு. பிழை இருந்தால் நான் திருத்தித் தருகிறேன்.

முதுகைப் பார்த்துக்கொள். பேத்திக்கு என் அன்பு.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழி

பி.கு.: எழுதுகிறதை ஒரே இடத்தில் வைக்காதே. நான் அப்பாவின் பக்கங்களை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்கிறேன், ஆன்லைனிலும் ஒரு பிரதி இருக்கிறது.